சோப்பு நுரையில் சிக்காத கசிவு

1

முதலில் ஓர் ஒப்புதல். இந்தக் கதையில் எனக்குச் சொந்தமில்லாதது ஒரே ஒரு வரி. அது கிடைத்த இடம் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனை. இடது காதில் குரும்பி அடைத்து, பாதி உலகம் ஊமையாகி, டோக்கன் பதினேழைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். காது பரிசோதிக்கும் அறையின் கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளேயிருந்து ஓர் இளைஞனின் குரல் மிகப் பொறுமையாக, கெஞ்சுகிற மாதிரி வந்தது:

“அதெல்லாஞ் செரிங்க மேடம். லீக் எங்கீங்க இருக்குது? அதை மட்டும் சொல்லுங்க, நானே அடைச்சுக்கறேன்.”

யாரோ கதவைச் சாத்தினார்கள். அவனை நான் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த செருப்பைத்தான் பார்த்தேன். அதன் வாரில் சாம்பல் நிறக் கல்தூள் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. போர்வெல் ரிக்கில் வேலை செய்கிறவன் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

மறுநாள் போய் விசாரித்திருக்கலாம். விசாரித்திருந்தால் தகவல் கிடைத்திருக்கும், கதை போயிருக்கும். அதனால் அந்த வரியை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஆளுக்குத் தமிழரசு என்று பெயர் வைத்தேன். வயது இருபத்து மூன்று. இனி எல்லாம் என் பொறுப்பு.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

“இரவு இரண்டு மணி. ஊரே உறங்கிக்கொண்டிருக்க, தமிழரசுவின் காதில் மட்டும்”

வேண்டாம். காது இரைச்சலைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இரவு இரண்டு மணிக்குத்தான் வருகிறார்கள். அங்கே நெரிசல்.

“உட்காது என்பது நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட, உள்ளே திரவம் நிரம்பிய”

இது பாடம். என்னைத் தடுக்காவிட்டால் நான் இப்படித்தான் தொடங்குவேன். ஐந்தாம் பகுதி வரை என் வாயைக் கட்டிப்போடுகிறேன்.

“தமிழரசு ஒரு காற்றுக் கசிவைத் தேடிப் புறப்பட்டான்.”

இந்த வாக்கியத்துக்கு நடக்கக் கால் இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த சிக்கல், விடாமல் கேட்கும் ஒரு சத்தத்தைக் காகிதத்தில் எப்படி வைப்பது? “அவன் காதில் சீ என்று கேட்டுக்கொண்டே இருந்தது” என்று ஒரு தடவை எழுதினால் நீங்கள் ஒரு தடவைதான் கேட்பீர்கள். பிறகு மறந்துவிடுவீர்கள். அவனுக்கு அந்த வசதி இல்லை. ஆகையால் ஓர் ஏற்பாடு. யாரும் பேசாமல், எந்த எஞ்சினும் ஓடாமல் அவன் சும்மா இருக்கிற பத்திகளின் கடைசியில் இப்படி ஒன்று போடுவேன்: (சீ). நான் விளக்கம் சொல்லும் இடங்களில் வராது. அங்கே என் குரலே போதுமான இரைச்சல்.

உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும்.

3

தமிழரசுவின் ஊர் திருச்செங்கோட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். அந்தப் பக்கத்தில் படிப்பை முடித்துவிட்டு ஒருவன் சும்மா நின்றால், ஏதாவது ஒரு மாமா வந்து ரிக்கில் ஏற்றிவிடுவார். இவனை ஏற்றியவர் வெள்ளியங்கிரி. இவன் அம்மா சௌந்திரத்துக்குப் பெரியம்மா மகன், இரண்டு ரிக்குகளுக்குச் சொந்தக்காரர், முப்பது வருட அனுபவசாலி.

ரிக் எப்படி வேலை செய்கிறது என்று ஒரே ஒரு பத்தி மட்டும் அனுமதியுங்கள். அது உண்மையில் இரண்டு லாரி. ஒன்றில் இருக்கும் கம்ப்ரசர் காற்றை அழுத்திக் கொடுக்கும். இன்னொன்றிலிருந்து இருபதடி நீள இரும்பு ராடுகள் ஒன்றோடு ஒன்று பூட்டி மண்ணுக்குள் இறங்கும். ராடின் நடுத் துளை வழியாகக் காற்று அடிவரை போய், அங்கே இருக்கும் ஹேமரை நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் பாறைமீது அடிக்க வைக்கும். அடித்த காற்று அதோடு ஓய்ந்துவிடாது. உடைந்த கல்தூளை அள்ளிக்கொண்டு, ராடுக்கும் குழிச்சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மேலே வரும். போகும்போது உடைக்கிறது, வரும்போது கூட்டிப் பெருக்குகிறது. இதை யோசித்தவருக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். தட்டினால் கேட்காது. அவ்வளவு சத்தம்.

ராடை இறக்கும் லீவரைப் பிடிக்கிறவன் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு கல்லைக் கேட்க வேண்டும். கருங்கல் கனமாக அடிக்கும். வெள்ளைக்கல் வந்தால் அடி கூர்மையாகும். வெடிப்பு வந்தால் சத்தம் சட்டென்று தொளதொளக்கும். தண்ணீர் அங்கேதான் இருக்கும். இதனால் வெள்ளியங்கிரியின் வண்டியில் யாரும் காதில் பஞ்சு வைப்பதில்லை. காதை அடைத்தவனுக்கு லீவர் கிடையாது. அது அந்த வண்டியின் சட்டம்.

இரண்டு வருடம் ராடு மாட்டிய பிறகு வேலைக்குப் போயிருந்த சத்தீஸ்கரில் வைத்துத் தமிழரசுவின் கைக்கு லீவர் வந்தது. அவன் அதை விரும்பினான். நானூறடி ஆழத்தில் கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை, மேலே நின்றபடி ‘மாறிவிட்டது’ என்று சொல்ல முடிவது அவனுக்கு மந்திரம் மாதிரி இருந்தது. கிடைத்த நான்காவது வாரம் கசிவு தொடங்கியது.

ராடு மாற்றும்போது காற்றை நிறுத்துவார்கள். கம்ப்ரசர் மூச்சு வாங்கிக்கொள்ளும். காற்று போகும் ஹோஸில் எங்காவது ஓட்டை இருந்தால் அந்தச் சிறிய ஓய்வில்தான் காட்டிக்கொடுக்கும். தமிழரசுவுக்குக் கேட்டது.

“மாமா, ஏர் போகுதுங்க!”

“ஆ?”

“ஏருங்க! எங்கியோ லீக் ஆவுதுங்க! சத்தம் வருது!”

“சத்தம் வராம, ரிக்குல கோயில் மணியா அடிக்கும்?” என்றார் வெள்ளியங்கிரி. ஆனாலும் வண்டியை நிறுத்தினார். காற்று போனால் அடி குறையும்.

கசிவைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. துணி துவைக்கும் பவுடரைத் தண்ணீரில் கலக்கி, நுரையைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் பூச வேண்டும். காற்று போகும் இடத்தில் நுரை உப்பிக் குமிழாகும்.* தமிழரசு எல்லா இணைப்பிலும் பூசினான். ஒரு குமிழும் இல்லை. மறுநாளும் பூசினான். மூன்றாம் நாள் நான்கு தடவை வண்டியை நிறுத்தினான்.

“மாப்ள,” என்றார் வெள்ளியங்கிரி, “வண்டி நல்லா வெளுத்துப் போச்சு. நாம போர் போட வந்தமா, துணி தொவைக்க வந்தமா?”

* காரணம் எளிது. தண்ணீரின் மேற்பரப்பு ஒரு தோல் மாதிரி. சோப்பு அந்தத் தோலை இளக்கி, கிழியாமல் நீள வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத காற்று அதைப் பிடித்து இழுத்துத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. (இந்தக் குறிப்பு முதலில் ஒரு பக்கம் இருந்தது. வெட்டிவிட்டேன். பாராட்டுங்கள்.)

4

மழைக்காலத்தில் வடக்கே வேலை இருக்காது. ரிக்குகள் ஊர் திரும்பும். தமிழரசுவும் திரும்பினான். வீட்டில் ஃபேன் ஓடியது, டிவி ஓடியது, ஒன்றும் தெரியவில்லை. கசிவைச் சத்தீஸ்கரிலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்தான்.

இரவுக் காட்சியை மறுத்தேன் அல்லவா? அதற்குப் பதிலாக நம் ஊருக்கே உரிய ஒன்று கைவசம் இருக்கிறது: மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது. செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. அடுத்த வீட்டு கிரைண்டர் நின்றது. தெரு முழுக்க ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டது. (சீ)

“அம்மா! அடுப்பப் பத்த வெக்காத!”

சௌந்திரம் லைட்டரைக் கையில் பிடித்தபடி நின்றார். “ஏஞ்சாமி?”

“கேஸ் லீக் ஆவுது. சத்தம் கேக்குதில்ல?”

அவர் முகர்ந்து பார்த்தார். “வாசமே இல்லியே.”

“வாசம் பொறகு வரும். மொதல்ல சத்தந்தான் வரும். வெளிய போ.”

ரெகுலேட்டருக்கு நுரை பூசினான். டியூபுக்குப் பூசினான். அடுப்பின் இரண்டு திருகுகளுக்கும் பூசினான். குமிழ் இல்லை. சிலிண்டரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்து, காலியான சமையலறையில் நின்றான். (சீ)

பிறகு பைக் டயருக்குப் பூசினான். குக்கருக்குப் பூசினான். தங்கை தனப்பிரியா, கல்லூரியில் இரண்டாம் வருடம், வாசற்படியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, இன்னும் நாய்க்கு மட்டுந்தான் பாக்கி. அதுக்கும் போட்டு உட்டீன்னா குளிச்ச மாதிரி ஆயிரும்.”

அவன் நுரை மக்கைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிக் காட்டுக்குள் நடந்தான். குச்சிகளுக்கு நடுவே, எந்த இரும்பும் எந்த டியூபும் இல்லாத இடத்தில், இருநூறு அடி தள்ளிப் போய் நின்றான். கசிவிலிருந்து விலகிப் போனால் சத்தம் குறைய வேண்டும். கசிவு தேடுகிறவனுக்குத் தெரிந்த முதல் பாடம் அது. குறையவில்லை. கூடவும் இல்லை. வீட்டுக்குள் எவ்வளவு தூரத்தில் இருந்ததோ, இங்கேயும் அவ்வளவு தூரத்தில் இருந்தது. (சீ)

பின்னாலேயே வந்த தனப்பிரியா அவன் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்ய வாய் வரை வந்த ஏதோ ஒன்றை விழுங்கினாள். மக்கில் விரலை விட்டு நுரையை எடுத்து அவனுடைய வலது காதில் வைத்தாள்.

“என்ன புள்ள பண்ணற?”

“பேசாம நில்லு. பபுள் வருதான்னு பாக்கறேன்.”

அவன் நின்றான். காதுக்குள் நுரை பொரிகிற மாதிரி ஒவ்வொன்றாக உடைந்தது.

“வருதா?”

“வரலியேண்ணா.”

“இந்தக் காதுக்கும் போட்டுப் பாரு,” என்றான் தமிழரசு. இடது காதை அவள் பக்கம் திருப்பினான்.

5

இப்போது அந்தப் பாதி திறந்த கதவுக்குள் நாம் போகிறோம். உள்ளே காது பரிசோதகர் நிகத், முப்பது வயது, சேலம் டவுன்காரர். எதிரே தமிழரசு. பக்கத்தில் சௌந்திரம்.

நிகத் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு சமமாகப் போய், ஓர் இடத்தில் மட்டும் பள்ளமாக இறங்கி, மறுபடி ஏறியது. “நாலாயிரம் ஹெர்ட்ஸ்ல இங்க பாருங்க, ஒரு பள்ளம்.”

“எத்தனை அடிங்க?”

நிகத் சிரித்துவிட்டார். பிறகு ஹெட்போனில் ஒவ்வொரு சுருதியாக வைத்துக் காட்டினார். இதுவா? இல்லீங். இதுவா? கொஞ்சம் மேலீங்க. இதுவா?

தமிழரசு நிமிர்ந்து உட்கார்ந்தான். இத்தனை மாதமாக அவனுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை வேறொருவர் வெளியே எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறார். “இதேதானுங்க! அப்படியே இதேதான். மேடம், உங்களுக்கும் கேக்குதுங்களா?”

“இந்த மெஷின்ல வர்றது கேக்குது. உங்களோடது உங்களுக்கு மட்டும்தான்.”

அதற்குப் பிறகுதான் நான் வெளியே உட்கார்ந்து கேட்ட அந்த வரியை அவன் சொன்னான். லீக் எங்கீங்க?

5 (மறுபடியும்)

வாயைக் கட்டியது போதும். நிகத் சொன்ன பதிலை நான் சொல்கிறேன்.

கோயிலில் மைக் செட் கட்டியிருக்கிறார்கள். பேச ஆள் வரவில்லை. வால்யூமை முழுக்க வைத்தால் ஸ்பீக்கரில் ‘உஸ்’ என்று வருமே, அது எங்கிருந்து வருகிறது? வெளியே எங்கிருந்தும் இல்லை. அது பெட்டியின் சொந்த மூச்சு. காதுக்குள் சுமார் பதினைந்தாயிரம் நுண்ணிய மயிர்ச்செல்கள் இருக்கின்றன. கூர்மையான சத்தங்களை வாங்குகிறவை நுழைவாயில் பக்கத்தில் இருக்கின்றன. எல்லாச் சத்தமும் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பலத்த சத்தம் வருடக்கணக்கில் போய்வந்தால், வாசல் பக்கத்துப் புல் முதலில் தேய்கிற மாதிரி, அவைதான் முதலில் சாய்கின்றன. சாய்ந்தவை மறுபடி முளைப்பதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து தகவல் வரவில்லையே என்று மூளை வால்யூமைக் கூட்டுகிறது. கூட்டியதும் தன்னுடைய மூச்சே தனக்குக் கேட்கிறது. எப்படி நடக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்கு இன்னும் வாதம் உண்டு. பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் சித்திரம் இதுதான்.

ஆக, கசிவு எதுவும் இல்லை. எதுவும் வெளியே போகவில்லை. வராத ஒன்றுக்காக உள்ளே யாரோ காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

(வெட்டியது: நடுக்காது எலும்புகள் மூன்றின் நெம்புகோல் வேலை, ஒன்றரைப் பக்கம். கேட்டு எழுதினால் அனுப்பிவைப்பேன்.)

“இது போயிடுங்களா?” என்று கேட்டது சௌந்திரம்.

“போயிடும்னு பொய் சொல்ல மாட்டேம்மா,” என்றார் நிகத். “கொறையலாம். இப்படியே இருக்கலாம். ஆனா இது இருக்குங்கறதை மூளை பொருட்படுத்தாம விட்டுடும். அதுக்கு மாசக்கணக்கா ஆகும்.”

“கோழிப்பண்ணை நாத்தமாட்டங்களா?”

“எப்படிம்மா?”

“என்ற பொறந்த ஊடு நாமக்கல்லுப் பக்கமுங்க. ஊட்டை ஒட்டிப் பண்ணை கட்டுனாங்க. ஒரு மாசம் சோறு எறங்கலை. பொறகு என்னாச்சுன்னே தெரீலீங், நாத்தம் எங்க போச்சுன்னு தேடற மாதிரி ஆயிருச்சு. வெளியூரு ஒறம்பரை வந்து மூக்கப் புடிச்சாத்தான், ஓ பண்ணை இருக்குதேன்னு நெனப்பு வரும்.”

நிகத் பேனாவைக் கீழே வைத்தார். “இனிமே எல்லார்கிட்டயும் நான் இதையே சொல்லிக்கறேம்மா.” பிறகு தமிழரசு பக்கம் திரும்பினார். “ஒரு நாளைக்கு எத்தனை தடவை, சத்தம் இருக்கான்னு காது குடுத்துப் பாப்பீங்க?”

“கொறைஞ்சது நூறு தடவ இருக்குமுங்க.”

“அதுதான் வேண்டாம். லீக் தேடற ஆளு நீங்க, கஷ்டம்தான். ஆனா தேடத் தேட, இது முக்கியம் போலிருக்குன்னு மூளை நெனச்சுக்கும். முழு அமைதியில உக்காராதீங்க. ஃபேன் ஓடட்டும், மெல்லிசா ஏதாவது பாட்டு ஓடட்டும். இன்னொண்ணு, காதை மூடாம இனி ரிக் பக்கத்துல நிக்கவே கூடாது. நின்னா இந்தப் பள்ளம் அகலமாயிட்டே போகும்.”

“மூடுனா லீவர் குடுக்க மாட்டாங்க மேடம்.”

இந்தக் கதை இவ்வளவுதான். வேண்டுமானால் இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். காதைத் திறந்து வைத்தால் காது போகும். மூடினால் லீவர் போகும். சேலத்திலிருந்து திரும்பும் பஸ் ராசிபுரத்தில் எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் நின்றபோது அவன் இதை நினைத்துக்கொண்டிருந்தான். காது கொடுத்துப் பார்க்கக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டிருந்தான். அப்படி நினைப்பதும் காது கொடுத்துப் பார்ப்பதுதான். (சீ)

6

வெள்ளியங்கிரியை வில்லனாக்கப் பார்த்தேன். வசதியாக இருந்திருக்கும். “காது போனா என்னடா, கை இருக்குதில்ல?” என்று ஒரு வசனம் கூட எழுதிவைத்தேன். அவர் அதைச் சொல்ல மறுத்துவிட்டார். நடந்தது வேறு.

தமிழரசு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடையில் காதை முழுக்க மூடும் கவசம் இரண்டு வாங்கினான். பளீரென்ற ஆரஞ்சு நிறம், சிறிய கிண்ணங்கள் மாதிரி இரண்டு பக்கமும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். டிவி அடுத்த தெருவுக்கும் சேர்த்து ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன மாப்ள, பாட்டுக் கேட்டுட்டே போர் போடலாம்னு இருக்கறயா?”

“பாட்டு வராதுங்க மாமா. சத்தத்தைக் கொறைக்குமுங்க.”

“ஆ?”

“சத்தத்தைக் கொறைக்கும்!”

“சத்தத்தைக் கொறைச்சுப் போட்டா கல்லு எப்படிடா கேக்கும்?”

இந்தக் கேள்விக்கு விளக்கமாகப் பதில் சொல்ல நான் இரண்டு பக்கம் தயாரித்து வைத்திருந்தேன். தமிழரசு எனக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை.

“லாரிப் பட்டறைல வெல்டிங் அடிக்கறவரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கறாருங்களே, ஏனுங்க? போடாட்டி வெளிச்சந்தான் தெரியும், கம்பி தெரியாது. இதும் அப்படித்தானுங்க. எல்லாச் சத்தமும் ஒண்ணாக் கொறையும். கல்லு மாறுனா மாறுனது தெரியும்.”

(சரிதான். அளவுக்கு மீறிய சத்தத்தில் காது திணறிவிடுகிறது. நுணுக்கம் பார்க்க அதனால் முடியாது. என் இரண்டு பக்கங்களின் சாரம் இவ்வளவே.)

வெள்ளியங்கிரி ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்தார்.

“உனக்குக் கேக்குதுங்கறயே, அது எப்படிடா இருக்கும்?”

“சீன்னு இருக்குமுங்க. விடாம.”

“விடாமயா?”

“ஆமாங்க.”

“அது எல்லாத்துக்கும் கேக்கறதுதானே?”

தமிழரசு கவசத்தை மடியில் வைத்துக்கொண்டான். “இல்லீங் மாமா,” என்றான்.

வெள்ளியங்கிரி சன்னல் பக்கம் பார்த்தார். வெளியே ஓர் இலை கூட அசையவில்லை. “முப்பது வருசமா, நான் அதைக் காத்துன்னு நெனச்சுட்டு இருந்தேன்,” என்றார்.

இருவரும் அசையாத அந்த இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (சீ) (சீ)

உருக்கமான இந்த இடத்தில் அவர் மனம் மாறி, லீவரை அவன் கையில் கொடுத்திருக்க வேண்டும். மாறவில்லை. தனக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்வது வேறு, முப்பது வருடச் சட்டத்தை ஒரே மதியத்தில் கைவிடுவது வேறு. தொண்டையைச் செருமிக்கொண்டு ரிக் முதலாளியானார்.

“புதங்கெழம ராசிபுரத்துல போர் போட ஒரு பாயிண்ட் இருக்குது. அந்தச் சட்டியக் காதுல மாட்டிட்டு, குழிக்கு முதுகக் காட்டி நில்லு. லீவர் நான் புடிக்கறேன். கல்லு மாறுச்சுன்னா கையத் தூக்கு. கரெக்டாச் சொன்னயின்னா, திங்கக்கெழம வடக்க போற வண்டில லீவர் உனக்கு. சட்டியோடவே நில்லு, நான் கேக்கல. தப்பாச் சொன்னயின்னா டீசல் வாங்கியாற ஜீப்பு ஓட்டு. பொறகு ஏனுங்க மாமான்னு வந்து நிக்கக் கூடாது.”

“செரிங்க மாமா. இன்னொரு சட்டி உங்களுக்குத்தானுங்க வாங்குனேன்.”

“ஜீப்புல போடு. பாக்கலாம்.”

7

புதன்கிழமை காலை. ராசிபுரத்துக்கு வெளியே உழுது போட்ட காடு. மூன்று மணி நேரத்தில் நானூறடி இறங்கியிருந்தது. அத்தனையும் கருங்கல். குழிவாயிலிருந்து கறுப்புத் தூள் புகையாக வந்துகொண்டிருந்தது. தமிழரசு ஆரஞ்சுக் கவசத்தோடு, குழிக்கு முதுகு காட்டி நின்றான். வெள்ளியங்கிரி வெறும் காதோடு லீவரில். அவருக்கு மாற்றம் தெரிந்தால் அவரும் இடது கையைத் தூக்குவார்.

தீர்ப்பு சொல்லப் போவது தூள், கல் மாறினால் அதன் நிறமும் மாறும். அதை உள்ளங்கையில் பிடித்துப் பார்க்கக் குழிவாயில் ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு நான் இன்னும் யாரையும் வைக்கவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இருபதாவது ராடு முடிந்தது. காற்றை நிறுத்தினார்கள். எஞ்சின் அடங்கியது. ராடு பூட்டுகிறவர் கிரீஸ் தேடிக்கொண்டு போனார். தமிழரசு கவசத்தைக் கழற்றி நெற்றி வியர்வையைத் துடைத்தான். கடைசி இரண்டடியில் அடி கொஞ்சம் இறுகிய மாதிரி இருந்ததே, அது கல்லா, தன் ஆசையா? ஹேமரின் அடியை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். தூரத்தில் ஒரு மயில் கத்தியது. கவசத்தை மாட்டிக்கொண்டான்.

இருபத்தோராவது ராடு இறங்கியது. நாலடி. ஆறடி. உள்ளங்கால் வழியாக நிலம் அதிர்ந்தது. கவசத்துக்குள் அந்த மாபெரும் சத்தம் சிறிதாக, கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்த நெருப்பு மாதிரி விளிம்போடு தெரிந்தது. கம்ப்ரசரின் உறுமல் தனி. செயினின் கலகலப்பு தனி. எல்லாவற்றுக்கும் அடியில் ஹேமர். டக் டக் டக் டக். டக் டக். டிக்.

தமிழரசு கையைத் தூக்கினான்.

வெள்ளியங்கிரி தூக்கவில்லை.

8

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரும்பில் சத்தம் ஒரு விநாடிக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும். நானூறடி ஆழத்து அடி விநாடியின் நாற்பதில் ஒரு பங்கு நேரத்தில் மேலே வந்துவிடுகிறது. தூள் காற்றில்தான் ஏறி வர வேண்டும். அதற்கு ஏழெட்டு விநாடி ஆகும். எந்தப் போர்வெல்லிலும் செய்தி முதலில் வரும், சாட்சி பின்னால் வரும். நடுவில் இருக்கிற அந்த ஏழெட்டு விநாடியில்தான் தமிழரசு இப்போது கையைத் தூக்கியபடி நிற்கிறான்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: தூள் வெள்ளையாக வருகிறது. வெள்ளியங்கிரி கண் கலங்கி, இரண்டு வண்டி ஆட்களுக்கும் கவசம் வாங்கித் தருகிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் பாதுகாப்பு வாரச் சுவரொட்டி மாதிரி இருக்கிறது. கீழே என் கையெழுத்துக்குப் பதில் முத்திரை குத்த வேண்டியிருக்கும்.

முடிவு ஆ: தூள் கறுப்பாகவே வருகிறது. தமிழரசு டீசல் ஜீப் ஓட்டுகிறான். காது தப்பித்தது. சத்தீஸ்கரில் ராடு இறங்கும்போதெல்லாம் அவன் ஜீப்பில் உட்கார்ந்து விரல்களால் ஸ்டீயரிங்கைத் தட்டி

இல்லை. இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இ: அந்தக் கணமே அவன் காதில் சத்தம் நின்றுவிடுகிறது. இது பொய். நிகத்தின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

முடிவு தேடி ஏழாம் பகுதியை மறுபடி படித்துக்கொண்டிருந்தபோதுதான் என் தவறு கண்ணில் பட்டது. நீங்களும் போய்ப் பாருங்கள். ராடு மாற்றும் அந்தப் பத்தி. எஞ்சின் அடங்கியிருக்கிறது. யாரும் பேசவில்லை. கவசத்தைக் கழற்றியிருக்கிறான். தூரத்து மயில் கூடக் கேட்கிறது. என் ஏற்பாட்டின்படி அங்கே ஒரு (சீ) வந்திருக்க வேண்டும். நான் போடவில்லை. கல்லா ஆசையா என்று அவனோடு சேர்ந்து நானும் யோசித்துக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன்.

அவனும் மறந்துவிட்டான்.

சத்தம் அங்கே இருந்தது. சௌந்திரத்தின் ஊரில் பண்ணை இருப்பது மாதிரி இருந்தது. அரை நிமிடம் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான். படிக்கும்போது அது இல்லாததை நீங்களாவது கவனித்தீர்களா? திருத்தலாமா என்று பேனாவை எடுத்தேன். அப்படியே விட்டுவிட்டேன்.

ஆனால் அதை வைத்து லீவர் கிடைக்காது. லீவர் தூளின் கையில் இருக்கிறது. மாமா கையைத் தூக்காததற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, கல் மாறவில்லை. மற்றது, முப்பது வருடமாகக் காற்று என்று நினைத்திருந்தாரே, அது. எது என்று எனக்குத் தெரியாது. நான் எழுதுகிறவன். எழுதுகிற மேஜைக்குத் தூள் வராது.

குழிவாயில் ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தேன். இத்தனை நேரம் கூடவே வந்திருக்கிறீர்கள். உங்களைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு வேறு யார்? முதலில் ஜீப்பின் முன்சீட்டைப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் இன்னொன்று பிரிக்காமல் கிடக்கும். மாட்டிக்கொள்ளுங்கள், நன்றாகக் காதை மூடட்டும். இப்போது குழி அருகே வந்து குனிந்து நில்லுங்கள். கண்ணில் தூசி விழாமல் முகத்தைக் கொஞ்சம் திருப்பி, கையை நீட்டுங்கள்.

அவன் இன்னும் கையை இறக்கவில்லை. தூள் ஏறிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கையைப் பார்த்துச் சொல்லுங்கள், என்ன நிறம்?